எல்லாமே வலது கால்

எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று வீட்டில் சொல்வார்கள். பால்காரரிலிருந்து பஸ் கண்டக்டர் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. நான் சமையலறையில் பாத்திரம் வைக்கிற சத்தத்தை வைத்தே, அன்றைக்கு வாயைத் திறக்கலாமா கூடாதா என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்துகொள்வார். அந்தக் கோபமெல்லாம் ஒரு டீ குடித்தால் ஆறிவிடும். ஆறாத ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமில் வேலை செய்கிறேன். வேலூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறேன். வெளிநாட்டுக்காரர் புதிதாக ஒரு மாடல் கேட்டால், ஆயிரக்கணக்கில் தைப்பதற்கு முன்னால் பார்வைக்கு ஒன்று செய்து அனுப்ப வேண்டும். அதைச் செய்வது எங்கள் ரூம். ஒன்று என்றால் ஒன்றுதான், ஜோடி கிடையாது. வலது கால் மட்டும். தையலையும் தோலையும் பார்க்க ஒரு கால் போதும். ஜோடியாக அனுப்பினால் போகிற வழியிலேயே யாராவது மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமும் உண்டு. அளவும் ஒன்றுதான். ஆண்கள் ஷூ என்றால் நாற்பத்திரண்டு, மாற்றமே இல்லை. கலர் மாற்றிக் கேட்டால் இன்னொரு வலது கால், கயிறு மாற்றிக் கேட்டால் இன்னொரு வலது கால் என்று அலமாரி அலமாரியாகச் சேர்ந்துகொண்டே போகும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் முதல் நாள் இடது காலைத் தேடுவார்கள். நாங்கள் சிரிப்போம். அலமாரி வழிந்தால், எல்லாவற்றையும் கத்தியால் குறுக்கே கிழித்துக் குப்பைக்கு அனுப்பிவிடுவார்கள். கிழிக்காமல் வெளியே விடக்கூடாது என்பது சட்டம் மாதிரி.

போன வருஷம் அலமாரி காலியானபோது கத்தி வரவில்லை. டிஸ்பேட்சிலிருந்து ஆட்கள் வந்து, குளிர் தேசத்துக்காரர் ஒருவருக்காக வருஷக்கணக்காக நாங்கள் செய்துபார்த்து, கடைசியில் ஆர்டர் கேன்சலாகிப்போன மலையேறும் ஷூக்களை மட்டும் தனியாகப் பொறுக்கி, அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு போனார்கள். கேட்டதற்குத் தர்மத்துக்குப் போகிறது என்றார்கள். ஒரு கால் இழந்தவர்களுக்குப் போகிறது போலிருக்கிறது, பரவாயில்லையே, இவர்களுக்கும் புத்தி வந்திருக்கிறதே என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வேலூரில் எங்கள் வீடு பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரம். மாடியில் ஒரு ரூமை வெளியூர் நோயாளிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான். கல்கத்தாக்காரர், அஸ்ஸாம்காரர், பூட்டான்காரர் என்று யார் வந்தாலும் எனக்குப் பேச்சு சிக்கலில்லை. அம்மா வீட்டு மொழி உருது. அவர்களுடைய இந்தியோடு அது எப்படியோ ஒட்டிக்கொள்ளும்.

இந்த வருஷம் வெயில் ஏறுகிற நேரத்தில் நேபாளத்திலிருந்து ஒரு ஷெர்பா பெண் தன் அப்பாவோடு வந்தாள். முப்பது வயது இருக்கும். அப்பா எவரெஸ்ட் பக்கம் வெள்ளைக்காரர்களுக்குச் சுமை தூக்கியே வாழ்ந்தவர். இப்போது இதய வால்வில் கோளாறு. ஆபரேஷன் ஆகி மாடியில் படுத்திருந்தார். வேலூர் வெயில் இரண்டு பேரையும் வாட்டி எடுத்தது. நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் படியில் உட்கார்ந்திருப்பாள். உங்கள் ஊர் சூடுதான் மேலே ஏறி எங்கள் பனியைக் கரைக்கிறது தீதி என்று கேலி பேசுவாள். அக்கா என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பனி கரைவது அவளுக்கு விளையாட்டுப் பேச்சில்லை என்று போகப் போகத் தெரிந்தது. அவள் ஊருக்கு மேலே மலை உச்சியில், பனிக்கட்டிக்கும் கல்மேட்டுக்கும் நடுவில் ஒரு ஏரி இருக்கிறது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அது ஒரு குட்டையாம். இப்போது வருஷா வருஷம் பெருக்கிறது. கல்மேடு ஒரு நாள் உடைந்தால் மொத்த ஏரியும் பாறையை உருட்டிக்கொண்டு ஊருக்குள் இறங்கும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் அப்படி ஒன்று இறங்கியிருக்கிறது. எனக்கு இது முழுக்கப் புதிது. எங்கள் பாலாறு பாதி நாள் வெறும் மணல். எப்போதாவது தண்ணீர் வந்தால் நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்கு வேடிக்கை பார்க்கப் போவோம். ஆறு ஆளைத் தேடி வீட்டுக்கு வரும் என்பதை அவள் சொல்லித்தான் கேட்டேன்.

ஊரில் அவர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அவளும் அதில் ஒருத்தி. ஏரிக்கரையில் மில் சங்கு மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள், கரை உடைந்தால் ஊதும். ஊதியதிலிருந்து தண்ணீர் வருவதற்குள் ஊருக்குப் பின்னால் உள்ள சரிவில் ஏறிவிட வேண்டும். மேலே கல்லால் கட்டிய ஒரு குடில். அதில் கம்பளி, கயிறு, டார்ச், தார்ப்பாய், அரிசி எல்லாம் பூட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளையை யார் தூக்குவது, படுத்த படுக்கையாக இருப்பவரை யார் சுமப்பது என்று ஒத்திகையே நடக்கிறதாம். அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கள் தெருவில் மோட்டார் ரிப்பேர் என்றால் நாலு வீடு ஒன்றாகக் கூடுவதில்லை.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தபோது தண்ணீரிலிருந்து தப்பியவர்களைக் கால்தான் படுத்தியதாம். இருட்டில் வெறுங்காலோடு ஓடியிருக்கிறார்கள். கூரான கல், மேலே போனால் பனி. விடிவதற்குள் பாதிப் பேரால் நிற்க முடியவில்லை. ஆட்கள் வந்து சேர்ந்தபோது சிலருடைய விரல்கள் கறுத்துப் போயிருந்தன. அதனால் குடிலில் முக்கியமாக ஷூ இருக்க வேண்டும் என்று இவர்கள் குழு கேட்ட இடமெல்லாம் கேட்டிருக்கிறது.

இப்போது அந்தக் கவலை இல்லை, உங்கள் நாட்டு கம்பெனி ஒன்று கொடுத்துவிட்டது என்று சொல்லி அவள் போனில் போட்டோவைக் காட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அவள் அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு மேலே போயிருந்தேன். பனிமலைக்கு முன்னால் ஊர்க்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் கோட்டு போட்ட ஒருவர். ஆளுக்கொரு ஷூவை மார்போடு பிடித்துக்கொண்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரே ஒரு ஷூ, அத்தனையும் வலது கால். அதில் பச்சைக் கயிறு போட்ட ஒன்று, கயிறு கோக்கிற வளையங்களை நானே என் கையால் அடித்தது. வெளிநாட்டுக்காரர் வளையத்தை நகர்த்து நகர்த்து என்று உயிரை வாங்கியதால் அதை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

இன்னொரு கால் எங்கே என்று கேட்டேன். பெட்டியில் இருக்கும், போட்டோவுக்காக ஆளுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள் என்றாள். பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா என்றேன். திறக்கக்கூடாது என்று கோட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனாராம். காற்று புகுந்தால் தோலில் பூஞ்சை பிடிக்கும், தேவைப்படும் நாளில்தான் பிரிக்க வேண்டும் என்று. அவர்களும் சொன்ன சொல் தவறாமல் பிளாஸ்டிக் சுற்றி அப்படியே அடுக்கி வைத்திருக்கிறார்கள். பூஞ்சை விஷயம் உண்மைதான். அந்த ஆளுக்குத் தோல் தொழிலில் அந்த ஒன்று மட்டும் தெரிந்திருக்கிறது, எங்கே தெரிந்திருக்கக்கூடாதோ அங்கே.

அன்றைக்கு அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மூலையில் மனசு அடித்துக்கொண்டது. ஒருவேளை இடது காலைப் பிறகு செய்து சேர்த்திருப்பார்களோ, நமக்குத் தெரியாமல் வேறு யூனிட்டில் நடந்திருக்குமோ என்று. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு சத்தமில்லாமல் கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக டிஸ்பேட்சுக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருப்பவர் பழைய ஆள், நல்ல மனிதர்தான். மலைக்குப் போன பெட்டிகளில் இடது கால் சேர்த்தீர்களா என்று கேட்டேன். அவர் கணக்குப் பார்த்துக்கொண்டே தலையைத் தூக்காமல் பதில் சொன்னார்.

"அலமாரிய காலி பண்ணி குடுன்னாங்க, குடுத்தேன்க்கா. ஜோடி இருக்கான்னு ஒருத்தரும் கேக்கல. நான் இன்னா பண்றது?"

கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. கத்தியால் கிழித்துப் போட்டிருந்தால்கூட நியாயமாக இருந்திருக்கும். கிழிந்த ஷூ யாரையும் ஏமாற்றாது.

கம்பெனியில் தான தர்மத்தைப் பார்க்க என்றே ஓர் அதிகாரி இருக்கிறார். போட்டோவில் கோட்டு போட்டிருந்தவர் அவர்தான். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, கோடையில் நீர்மோர்ப் பந்தல் என்று எதற்கும் போட்டோ எடுக்க முதலில் வந்துவிடுவார். அவர் ரூமில் ஏசி போட்டு, அந்த மலை போட்டோவைப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார். நான் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. சுவரில் இருக்கிற போட்டோவைக் காட்டி, ஒவ்வொரு ஷூவாக விரல் வைத்துச் சொன்ன பிறகு முகம் மாறியது. ஐயோ என்பார், உடனே போனை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இடது கால் செய்து கொடுக்கலாமே என்றேன். அந்த ஷூவின் அடிச் சோலுக்கான அச்சுகளை ஆர்டர் கேன்சல் ஆனதும் வெளிநாட்டுக்காரரே திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார், இனி செய்ய முடியாது என்றார். சரி, அதை விடுங்கள், குடோனில் ஜோடி ஜோடியாக எத்தனையோ கிடக்கிறது, பெண்கள் அளவும் பிள்ளைகள் அளவும் சேர்த்து அதில் அனுப்புங்கள், நாற்பத்திரண்டை வைத்துக்கொண்டு அந்த ஊர்ப் பெண்கள் என்ன செய்வார்கள் என்றேன். இந்த வருஷத்துக்கான தர்மமெல்லாம் முடிந்துவிட்டதாம். அடுத்த வருஷம் எழுதிக் கேட்டுப் பார்க்கலாமாம். அங்கே மழை இப்போதே ஆரம்பித்துவிட்டது என்று சொன்னேன். அதற்கு அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"வெள்ளம் வந்தாதான மேடம் அந்தப் பெட்டியவே பிரிக்கப் போறாங்க? எப்பவோ வரப்போறதுக்கு இப்பவே ஏன் டென்ஷன் ஆவறீங்க?"

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உருதுவில் பாதி, தமிழில் பாதி. வெள்ளம் வந்து, ஓடி ஏறி, குளிரில் நடுங்கிக்கொண்டு பிரித்துப் பார்க்கிற அந்த நேரத்தில்தான் இது தெரிய வேண்டுமா என்று கேட்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு காலுக்கு மட்டும் ஷூ வாங்கிக் கொடுத்து பள்ளிக்கூடம் அனுப்புவீர்களா என்று கேட்டேன். சத்தம் கேட்டு வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அன்று மத்தியானமே ஆபீசில் கூப்பிட்டு, கம்பெனி விஷயத்தை வெளியே பேசக்கூடாது என்று எச்சரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போகவில்லை. வளையம் அடிக்கிற கைக்கு அவர்களுக்கு இப்போது ஆள் கம்மி, அவ்வளவுதான். இதை எழுதுகிற வரைக்கும் அங்கிருந்து ஒரு இடது கால்கூட அந்த மலைக்குப் போகவில்லை.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அவள் அப்பா ஆபரேஷன் ஆனவர், இந்த நேரத்தில் சொல்லலாமா என்று. ஆனால் அவள் அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். ஆற்றுக்கு மிக அருகில் இருக்கிற வீடு அவர்களுடையது. மலையில் மழை ஆரம்பித்துவிட்டது என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பர்தாவைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போனேன்.

அவளை வெளியே படிக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பிள் என்றால் என்ன, ஏன் ஒரு கால், ஏன் ஒரே அளவு, யார் அனுப்பியது, எங்கள் கம்பெனி என்பது உட்பட. அவள் கத்துவாள், என் மேல் பாய்வாள் என்று நினைத்தேன். அது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு போனை எடுத்து ஊரில் குழுத் தலைவரைக் கூப்பிட்டாள்.

அவர் முதலில் நம்பவில்லை போலிருக்கிறது. கம்பெனி பொய் சொல்லுமா, வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா பேச்சைக் கேட்டுக்கொண்டு பெட்டியைப் பிரிப்பதா என்று கேட்டாராம். இவள் விடவில்லை. கடைசியில் அவர் ஆளைக் கூட்டிக்கொண்டு குடிலுக்கு ஏறிப் போனார். நாங்கள் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். மேலே அவள் அப்பா இருமிக்கொண்டிருந்தார். திரும்பக் கூப்பிட்டபோது போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கொட்டியிருக்கிறார்கள், ஒன்றுகூட இடது இல்லை. ஆண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரிக்கிறார்கள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படி உங்களால் சிரிக்க முடிகிறது என்று அவளிடமே எரிந்து விழுந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும் தீதி, அவர் சிரிக்கமாட்டார் என்றாள். அம்மாவைக் கூப்பிட்டாள்.

படம் உறைந்து உறைந்து வந்தது. அடுப்புப் பக்கத்தில் ஒரு வயசான பெண்மணி, சிவந்த கன்னம். மகள் அவர்கள் மொழியில் நிறையப் பேசினாள். அம்மாவின் முகம் மெல்ல மெல்ல விழுந்தது. அப்போதுதான் மகள் என் பக்கம் திரும்பி, எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றைச் சொன்னாள்.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் விரல்கள் கறுத்த வருஷத்திலிருந்து, மழை மாதங்களில் அவர்கள் ஊரில் யாரும் ஷூவைக் கழற்றாமல்தான் தூங்குவார்களாம். சங்கு ஊதினால் தேட நேரமில்லை என்று குழந்தை முதல் கிழவர் வரை ஷூவோடுதான் படுக்கை. கால் வீங்கும், தோல் புண்ணாகும், தூக்கமே வராது. இருந்தாலும் பழகிக்கொண்டார்கள். எங்கள் பெட்டிகள் வந்த பிறகு குழு கூடிப் பேசி, இனி அப்படித் தூங்க வேண்டாம், சங்கு ஊதினால் எதையும் தேடாமல் வெறுங்காலோடு ஓடுங்கள், ஷூ மேலே இருக்கிறது என்று மாற்றிவிட்டார்கள். ஒத்திகையும் அப்படியே மாறிவிட்டது.

அதுவரை நாங்கள் உதவாத ஒன்றைக் கொடுத்துவிட்டோம் என்றுதான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் கொடுக்கவே இல்லை. அவர்கள் காலில் இருந்ததைக் கழற்றி வைத்திருக்கிறோம். அதை போட்டோ எடுத்து மாட்டியும் வைத்திருக்கிறோம்.

அவள் போனை என்னிடம் நீட்டினாள்.

"அம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம் தீதி. நான் சொன்னா நம்பமாட்டேங்கறாங்க. அந்த ஷூவ செஞ்சவங்க சொல்லட்டும்னு சொல்றாங்க."

வாங்கிக்கொண்டேன். அந்த அம்மாவின் நேபாளி எனக்குப் பாதி புரிந்தது, மீதியை மகள் சொன்னாள். அவரும் வாழ்நாளெல்லாம் சுமை தூக்கியவர், அதில் அவருக்குக் கால் விரல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப்போய்விட்டனவாம்.

"இந்த ஒரு வருஷம்தான் மகளே, நான் கால நீட்டித் தூங்கினேன். நெஜமா மேல ஒண்ணுமே இல்லயா?"

திட்டுவதற்கு எனக்கு எத்தனையோ பேர் இருந்தார்கள். இந்த அம்மாவுக்கு மட்டும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒண்ணுமே இல்லம்மா" என்றேன். "இன்னிக்கே ஷூவ போட்டுக்கிட்டே படுங்க."

அவர் சரி என்று தலையாட்டினார். போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டுக் குனிந்து, வாசலில் கிடந்த பழைய ஷூவை இழுத்து, வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒவ்வொரு காலாக நுழைத்துக் கயிறு கட்டினார். அங்கே இன்னும் வெளிச்சம் போகவில்லை.